என் காரை நானே திருடிய நாள்

காரில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம்தான். அவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். நான் என் இரண்டு கால்களுக்கு நடுவில் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கச்சிராயபாளையம் போகிற வழியில் மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து இருக்கையில். காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பு சுருண்டிருந்தது. சரி செய்யலாம் என்று குதிகாலால் தள்ளினேன். விரிப்புக்கு அடியில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் தார்ச்சாலை கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்து வெள்ளைக் கோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. நான் ஓர் அலறல் அலறி, இரண்டு கால்களையும் தூக்கி முன்பக்கப் பலகைமேல் வைத்துக்கொண்டேன்.

மனைவி பிரேக் போட்டாள். "இன்னாங்க, எதுனா குறுக்க வந்துச்சா?"

"ரோடு வருதும்மா!"

"ரோட்டுல போனா ரோடு வராம, வேற இன்னா வரும்?"

விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். அவளிடமிருந்தும் ஓர் அலறலை எதிர்பார்த்தேன். "புளி வெக்கிற எடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அன்றிலிருந்து அந்த இருக்கையில் நான் கால்களைத் தொங்கவிட்டதில்லை. பரோட்டாக் கடை வாசலில் பூனை உட்கார்வதுபோல எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டுதான் உட்காருவேன்.

புளி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் கல்வராயன் மலையில் ஆசிரியை வேலை. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. காலை பஸ் ஒழுங்காகப் போகும். மாலையில் இறங்குகிற பஸ், பள்ளி மணி அடிக்கும் முன்பே இறங்கிவிடும், விட்டால் மறுநாள்தான். அதனால் எங்கள் பழைய சின்னக் காரை அவளே ஓட்டிப் போய் அவளே ஓட்டி வருவாள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவள் ஓட்டும்போது நான் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை என்பதால் நன்றாக ஓட்டுகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். வருகிறபோது சும்மா வரமாட்டாள். பலாப்பழம் டிக்கியில் வரும். கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டுப் பிசைந்த புளி, முன்னிருக்கைக் காலடியில் சாக்கில் வரும். மழைக்காலத்தில் சாக்கு ஈரமாகும். உப்பும் புளியும் சேர்ந்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் குழம்புக்கு ஆனதுபோக, மிச்சத்துக்கு எங்கள் காரையும் தின்றிருக்கிறது.

ஓட்டை மட்டுமென்றால் விரிப்பைப் போட்டு மூடி, மானத்தோடு வாழ்ந்திருப்போம். ஆனால் வண்டிக்குப் பதினைந்து வயது முடியப்போகிறது. அரசாங்கத்திடம் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்தி, ஓடத் தகுதியானதுதான் என்று எழுதி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு எஃப்.சி. காட்டுவது என்று பேர். தேறாவிட்டால் வண்டி பழைய இரும்பு.

மனைவி பதற்றப்படாத ஜாதி. ஒருநாள் மாலை வந்தவள் கூடத்துக் காலண்டர் ஆணியில் ஒரு சாவியை மாட்டினாள்.

"இன்னா சாவி?"

"ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா கெடக்குது. வண்டி தேறலன்னா நான் அங்கயே தங்கிக்கிறேன். சனி ஞாயிறு வரேன். நீங்க இங்க சமைச்சிக்கினு இருங்க."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் இந்த வீட்டில் நானும் என் சமையலும் மட்டும். என் சமையலை நான் சாப்பிட்டிருக்கிறேன். அதைவிட, கடையில் நடந்ததை இரவுச் சாப்பாட்டின்போது கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன், அவள் "பொய்" என்பாள். அந்த ஒரு சொல் கேட்காமல் நான் எப்படித் தூங்குவது? நான் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவன். வளையல், ரிப்பன், பிறந்தநாள் பலூன். பகல் முழுக்கப் பிறரைச் சிரிக்கவைத்துச் சாமான் கொடுத்து அனுப்புகிறவனுக்கு, பொய் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

ஆகவே காரை நானே பழுது பார்ப்பது என்று முடிவு செய்தேன். பட்டறையில் விட்டால் நாளாகும், அதுவரை அவள் எப்படிப் போவாள் என்பது வெளியே சொன்ன காரணம். பட்டறைக்காரர் ஓட்டையைப் பார்த்துச் சிரிப்பார் என்பது உள்ளே இருந்த காரணம். பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை விட்டதும் வேலையைத் தொடங்கினேன்.

ஹெட்லைட்டுகளைப் பற்பசை போட்டுத் தேய்த்து வெளுக்கவைத்தேன். வைப்பர் ரப்பர் மாற்றினேன். ஹாரன் அடித்தால் ஆட்டுக்குட்டி போலக் கத்தியது. ஒயரைப் பிடுங்கிச் சுரண்டி மாட்டியதும் ஆடு மாதிரி கத்தியது. முன்னேற்றம்தான். ஓட்டைக்கு எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, ரிவிட் அடித்து, மேலே பசை பூசினேன். அடியிலிருந்து பார்த்தால் டின்னில் அச்சடித்திருந்த நிலக்கடலைப் படம் அழகாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார். முன்னாள் லாரி டிரைவர். உறவு இல்லை, ஆனாலும் நான் மாமா என்பேன், அவர் மாப்ள என்பார். வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு தினமும் வேடிக்கை பார்த்தார்.

"இன்னா மாப்ள, வண்டிக்கு வைத்தியமா, வாத்தியமா? ஒரே தட்டா தட்டிக்கினு கீற."

"எஃப்.சி.க்கு மாமா."

"இத காட்டியா? அங்க இருக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரு பாத்தா, உன்னயும் சேத்து பழைய இரும்புல போட்டுடுவாங்க."

இப்படிச் சொன்ன பிறகு மனிதன் சும்மா இருப்பானா? பானெட்டைத் தூக்கினேன். உள்ளே, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டுச் சுவரின் நடுவில் பெரிய கட்டியாக ஒரு துரு. செங்காவி நிறம், மேலே எண்ணெய்க் கறுப்பு, உள்ளங்கை அகலத்துக்கு அடைபோலத் தடித்திருந்தது. இதைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் எழுதுகோலைத் திறக்காமலே திரும்பிவிடுவார். உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். பொடிபொடியாகக் கொட்டியது. துருவிலிருந்து ஒரு நல்ல வாசனை வந்தது. உழைப்பின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். சமமாகும்வரை தேய்த்து, மேலே பட்டி பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்து, ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். அந்த இடம் மட்டும் புது வண்டிபோலப் பளபளத்தது.

தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி ஜன்னலிலிருந்தே கேட்டாள். "பானெட்டுக்குள்ள எதுக்குங்க பெயிண்டு? எவன் பாக்கப் போறான்?"

"அரசாங்கம் பாக்கும்."

அரசாங்கம் பார்த்தது.

பள்ளி திறந்த வாரம்தான் எங்கள் முறை வந்தது. காலையில் மனைவி பஸ்ஸில் மலைக்குப் போனாள். போகும்போது ஆணியிலிருந்த சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "தேறிட்டா சாயங்காலம் வந்து கூட்டிக்கினு போங்க. தேறலன்னா போன் பண்ணுங்க, நான் ரூமுலயே தங்கிக்கிறேன்." மாற்றுப் புடவை ஒன்றும் பைக்குள் போனதைப் பார்த்தேன். என் திறமைமேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அந்தப் புடவை அளவுக்குத்தான்.

சோதனை நடக்கும் மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் ஒரு பள்ளி வேன், அதற்கு முன்னால் இரண்டு ஆட்டோ. எனக்குப் பின்னால் ஒரு டிராக்டர் டிப்பரோடு வந்து நின்றது. மாமாவும் துணைக்கு வந்திருந்தார். வேடிக்கை பார்ப்பதற்குத் துணை என்று பெயர் வைத்துக்கொண்டால் யார் கேட்பது?

"பென்சிலு, பேப்பரு கொண்டாந்தியா மாப்ள?" என்றார்.

"எதுக்கு? பரீட்சையா?"

"சேசிஸ் நம்பர் எடுக்க வேணாமா? வண்டித் தகட்டுல குத்தி இருக்கும்ல, அதுமேல பேப்பர வெச்சி பென்சிலால தேச்சா நம்பரு விழும். ஆர்.சி. புக்குல இருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணானு பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம். பானெட்ட தூக்கு."

தூக்கினேன்.

"கண்ணாடிக்குக் கீழ, நடுவுல இருக்கும் பாரு" என்றார்.

பார்த்தேன். நடுவில் என் பெயிண்ட் பளபளத்தது. ஓர் எண் இல்லை. ஓர் எழுத்து இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை வழவழப்பு. நான் செய்த வேலையிலேயே இதுதான் சுத்தமான வேலை.

உப்புத்தாள், பொடி, பட்டி, ஸ்பிரே எல்லாம் கண்முன்னால் வந்து போயின. எண்ணைத் தேய்த்தே எடுத்துவிட்டேன். வெயிலில் வியர்க்க விறுவிறுக்க நின்று, சந்தோஷமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தேய்த்து எடுத்திருக்கிறேன்.

மாமா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஓரடி பின்னால் தள்ளி நின்றார். என்னோடு வந்தவர் இல்லை என்று காட்டுகிற தூரம் அது.

"மாப்ள, திருட்டு வண்டிக்கிதான் நம்பர அழிப்பாங்க."

"என் வண்டி மாமா! பதினஞ்சு வருசமா என் வண்டி!"

"அத நான் நம்புறேன். நம்பரு இருந்தா அவங்களும் நம்புவாங்க." கொஞ்சம் யோசித்தார். "கடலூர் ஜெயில்ல உள்ள வெச்சா நான் வந்து பாக்குறேன். மலைக்கும் அதுக்கும் தூரம் ஜாஸ்தி, பாவம் உன் சம்சாரம்."

என் மூளை இந்த மாதிரி நேரத்தில்தான் வேகமாக வேலை செய்யும். செய்தித்தாள் தெரிந்தது. ஃபேன்சி ஸ்டோர் உரிமையாளர் கைது, சொந்தக் காரையே திருடி நம்பரை அழித்தது அம்பலம். பக்கத்தில் என் படம், பின்னணியில் பறிமுதல் செய்யப்பட்ட பலூன்கள். மகளின் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறார்கள். மலையில் அந்த அறையில் மனைவி ஒற்றை ஆளாக விளக்கைப் போடுகிறாள்.

ஓடிப்போய்விடலாமா என்று பின்னால் பார்த்தேன். டிராக்டர் வழியை அடைத்து நின்றது. டிராக்டர்க்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்று மாமா மறுபடி நெருங்கி வந்தார். "எனக்கு ஒரு பட்டறைல பழக்கம். நம்பர் குத்துற உளி வெச்சிருப்பாங்க. புக்கப் பாத்து நாமளே குத்திடலாம்."

"இப்போ திருடாதவன் மாமா நான். அதப் பண்ணா திருடன்."

"பாத்துக்கோ. நான் ஒரு யோசனைதான் சொன்னேன்."

மனைவிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண்குரல் கனிவாகச் சொன்னது. அந்தப் பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறினால்தான் சிக்னல். இடைவேளை விட்டதும் என்ன ஆயிற்று என்று கேட்க அவளே ஏறியிருக்கிறாள். முன்னால் நின்ற பள்ளி வேனை இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்க்கத் தொடங்கிய நேரம், என் போன் அடித்தது.

"தேறிச்சாங்க?"

"அழிச்சிட்டேன்மா! நம்பர அழிச்சிட்டேன்! பானெட்டுக்குள்ள இருக்கிற சேசிஸ் நம்பர துருவோட தேச்சி எடுத்துட்டேன்! கடலூர்ல…"

"மெதுவா சொல்லுங்க. காத்து அடிக்குது. எங்க தேச்சீங்க?"

"கண்ணாடிக்குக் கீழ, நடுவுல. தடியா அட மாதிரி ஒரு துரு இருந்துச்சே!"

பாறைமேல் காற்று இரைந்தது. பிறகு அவள் சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு வந்த அதிர்ச்சி முதல் அதிர்ச்சிக்குச் சமம்.

"அது துரு இல்லீங்க. சந்தனம்."

"இன்னாது?"

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு நான் வெக்கிறது. அந்த எடத்துலதான் வண்டிக்கு நெத்தி மாதிரி தட்டையா இருக்குது. நம்பரு இருக்குதேன்னு அதுமேலயே அப்பி, குங்குமம் வெப்பேன். பழச தொடைக்க மாட்டேன். அதுமேலயே அடுத்த வருசம். நீங்க தேச்சது எல்லாம் என் சந்தனத்…" அதோடு சிக்னல் போய்விட்டது.

ஆயுத பூசை அன்று நான் கடையில் இருப்பேன். பூசணிக்காய் உடைப்பது, பொரி கொடுப்பது எல்லாம் கடைக்கு நான். வண்டிக்கு அவள். எங்கள் வீட்டு ஏற்பாடு அது. வண்டிப் பூசையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எஞ்சின் சூட்டில் ஆண்டுதோறும் வெந்து, புழுதி படிந்து, எண்ணெய் குடித்து, சந்தனம் துருவின் நிறத்துக்கு வந்திருக்கிறது. அப்போதுதான் அந்த வாசனை நினைவுக்கு வந்தது. துரு எந்த ஊரில் மணக்கும்? அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உழைப்பின் வாசனையாம்.

ஆனால் எவ்வளவு தேய்த்தேன்? சந்தனத்தோடு நிறுத்தினேனா, தகடுவரை போனேனா? அதுதான் தெரியவில்லை.

"மாமா, டீக்கடைல ஒரு சொம்பு சுடுதண்ணி!"

"மயக்கமா வருதா?"

"வண்டிக்கு மாமா!"

போனவர், சொம்போடு டீக்கடைக்காரரையும் அழைத்து வந்துவிட்டார். சுடுதண்ணீரை அந்தப் பளபளப்பின் ஓரத்தில் ஊற்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊற்றினேன். ஓரத்தில் பெயிண்ட் லேசாக உப்பியது. நகத்தால் நெம்பினேன். இட்லித் துணியிலிருந்து இட்லி பிரிவதுபோல, பெயிண்டும் பட்டியும் ஒன்றாக ஒரு வில்லையாகக் கழன்று கையில் வந்தது. அடியில் மஞ்சளாக ஈரச் சந்தனம். மைதானத்தில் டீசல் நாற்றத்துக்கு நடுவே திடீரென்று கல்யாண மண்டப வாசனை.

"அங்க என்ன அபிஷேகம் நடக்குது?"

திரும்பினேன். இன்ஸ்பெக்டர். பெண்மணி. கையில் என் காகிதங்கள். மாமா மறுபடி ஓரடி தள்ளிப் போயிருந்தார்.

"மேடம், நம்பர் உள்ள இருக்குது மேடம். சந்தனத்துக்குள்ள. என் சம்சாரம் வெச்சது. நான் துருன்னு நெனைச்சி பெயிண்ட் அடிச்சிட்டேன். நான் திருடன் இல்ல மேடம்."

"திருடன்னு யார் சொன்னா?"

மாமா வானத்தைப் பார்த்தார்.

"துடைங்க, பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

துண்டால் துடைத்தேன். முதலில் ஓர் எழுத்து. பிறகு இன்னொன்று. பிறகு எண்கள். சந்தனம் மூடி இருந்ததால் ஈரமோ துருவோ தொடாமல், அன்றுதான் குத்தியதுபோல ஒவ்வொன்றும் கூர்மையாக வந்தது. பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். மகளின் தேர்வு முடிவு வந்தபோதுகூட நான் எண்களை இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சரியா இருக்கு. இந்த வயசு வண்டியில இவ்வளவு தெளிவா நம்பர் இருந்து நான் பார்த்ததில்ல." சொல்லிக்கொண்டே குனிந்து காருக்கு அடியில் டார்ச் அடித்தார். "கீழே என்ன, கடலக்கா படம்?"

"எண்ணெ டின் மேடம்."

"இது தரையா?"

"ஆமாம் மேடம்."

"இதுல ஆள் உட்காரலாமா?"

"நான் கால தூக்கிக்கினுதான் உக்காருவேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிய முகம் எப்படி இருக்கும் என்று கடைக்காரனான எனக்குத் தெரியும். "டின்ன எடுத்துட்டு, நல்ல தகடு வெச்சி வெல்டிங் பண்ணிட்டு வாங்க. மத்தியானம் நான் இருப்பேன். மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்."

துருகம் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு ஓட்டினேன். பட்டறைக்காரர் நிலக்கடலையைப் பார்த்து, நான் பயந்த மாதிரியே சிரித்தார், ஆட்களைக் கூப்பிட்டும் காட்டினார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதற்கு மேல் அவமானப்பட என்னிடம் இடம் இல்லை. மத்தியானம் திரும்பிப் போனோம். பிரேக் பார்த்தார்கள், விளக்குப் பார்த்தார்கள், புகை பார்த்தார்கள், ஹாரனை அடிக்கச் சொன்னார்கள். ஆடு கத்தியது. தேறிவிட்டது.

மாமாவை வீட்டில் இறக்கினேன். "நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள, ஒண்ணும் ஆவாதுன்னு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மனைவிக்குப் போன் போட்டேன். அப்பால். மறுபடி போட்டேன். அப்பால். காலையில் பாதிப் பேச்சில் சிக்னல் போனதோடு அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் உள்ளே போய்விட்டேனா, வெளியே இருக்கிறேனா என்றுகூட. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினேன். வளைவுகளில் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. என்ன செய்வது, அன்று ஓட்டியது நான். பள்ளி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவு பூட்டியிருந்தது. பஸ் எப்போதோ இறங்கிப் போயிருந்தது.

பக்கத்தில் அந்த அறை. வாசலைத் தெளித்திருந்தாள். புடவையை இடுப்பில் செருகி, கையில் துடைப்பத்தோடு படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு பாய் விரித்திருந்தது தெரிந்தது. அதைப் பார்த்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

காரைப் பார்த்ததும் எழுந்தாள். என்னிடம் வரவில்லை. நேராக பானெட்டைத் தூக்கினாள்.

"மொத்தத்தையும் தொடைச்சிட்டீங்களே" என்றாள்.

"தேறிடிச்சிம்மா."

"தெரியுது. ஆர்ன் சத்தம் மூணு வளைவுக்கு முன்னாடியே கேட்டுச்சி." பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு அறையைப் பூட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். கூடத்து ஆணியிலயே மாட்டி வெக்கிறேன். அடுத்த தபா நீங்க பெயிண்டு டப்பாவ தொடும்போது அது உங்க கண்ணுல படணும்."

சாவி பைக்குள் போனது. கார்ச் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். அன்று நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். போலீஸ் ஜீப் ஒன்று மைதான வாசலில் வந்து நின்றதாக ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன்.

"பொய்" என்றாள்.

வண்டி முதல் வளைவில் இறங்கியது. அவள் ஒரு கணம் என் பக்கம் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினாள்.

"கால கீழ வெய்ங்க. அதான் தரை இருக்குதே."